‘காஞ்சதும் விடலாம் சார்’: லான்ல மருந்து அடிச்ச நாளும் நம்ம நாயும்

(எபிசோடின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் டெக் எபிசோடு கிடையாது. ரெக்கார்டிங் நடுவுல அடிக்கடி ஒரு குரைப்புச் சத்தம் கேட்குமே, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியைப் பத்திப் பேசப் போறேன். பேரு பொரி. நாட்டு நாய், 4 வயசு, 16 கிலோ. போன மாசம் ஒரு ராத்திரி அவளை இழந்துடுவோமோன்னு பயந்தேன். இப்போ நல்லா இருக்கா, அதை முதல்லயே சொல்லிடறேன். இதே மாதிரிக் கதையை இன்னும் மூணு பேர்கிட்ட கேட்டதால இதைத் தனி எபிசோடா எடுக்கிறேன்.

நாங்க இருக்கறது ஓ.எம்.ஆர் பக்கம் ஒரு அபார்ட்மென்ட். நடுவுல ஒரு லான், சுத்தி செம்பருத்தி வேலி. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ் வந்தது: “நாளை காலை 10 மணிக்கு லானில் பெஸ்ட் கன்ட்ரோல். பெட் சேஃப். காய்ந்ததும் பயன்படுத்தலாம்.” நான் கட்டைவிரல் எமோஜி போட்டேன். சாயந்திரம் 6 மணிக்குப் பொரியைக் கூட்டிட்டுப் போனேன். புல்லைத் தொட்டுப் பார்த்தேன், நல்லா காஞ்சிருந்தது. வேலி ஓரமா மண்ணுல குருணை குருணையா ஏதோ கிடந்தது. உரம்னு நினைச்சேன். பொரி அங்கதான் மோந்து மோந்து நின்னா, கொஞ்சம் புல்லும் மென்னா.

வீட்டுக்கு வந்து முக்கால் மணி நேரத்துல வாயில எச்சில் ஒழுக ஆரம்பிச்சது. பசின்னு நினைச்சேன். அப்புறம் வாந்தி. அப்புறம் நின்ன இடத்துலயே மலம், மூத்திரம். வீட்டுக்குள்ள ஒரு நாள்கூட அப்படிப் பண்ணாதவ. தொடைத் தசை தோலுக்கு அடியில தனியா துடிக்கறது கண்ணுக்கே தெரிஞ்சது. ஆட்டோல தூக்கிப் போட்டுட்டு கிளினிக் ஓடினோம்.

டாக்டர் டார்ச் அடிச்சுக் கண்ணைப் பார்த்தாங்க. பாப்பா ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. உடனே கேட்ட கேள்வி இதுதான்: “தம்பி, என்ன மருந்து போட்டாங்க?”

எனக்குத் தெரியலை. “பெட் சேஃப்னு சொன்னாங்க மேடம்”னேன். “அது மருந்தோட பேர் இல்லையேப்பா”ன்னாங்க.

மருந்தோட பேர் ஏன் அவ்வளவு முக்கியம்?

அறிகுறியைப் பார்த்தே அட்ரோபின் ஊசி போட்டு ஆரம்பிச்சுட்டாங்க. இன்னொரு பக்கம் நான் போன்ல. கான்ட்ராக்டர் எடுத்து, “அது ஒண்ணும் பண்ணாது சார், ஹெர்பல்தான்”னார். கடைசில உதவினது எங்க செக்யூரிட்டி அண்ணன். குப்பைத் தொட்டியைக் கிளறி, காலி பாக்கெட்டை எடுத்து, நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பினார். கார்போஃபியூரான் 3 சதவீதக் குருணை. வயல்ல போடற மருந்து. லேபிள்ல இருந்தது எல்லாம் பயிர்ப் பேர்தான், லான்ங்கற வார்த்தையே இல்லை.

இதே குருணை மருந்தைப் பறவைங்க விதைன்னு நினைச்சுக் கொத்திச் செத்ததால, அமெரிக்காவுல 1990-கள்லயே குருணை வடிவத்தைக் கிட்டத்தட்ட முழுசா நிறுத்திட்டாங்க. எங்க லான்ல அது மண்ணு மேல அப்படியே தூவிக் கிடந்தது.

உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன். நரம்பு தசைக்கு “சுருங்கு”ன்னு சொல்லணும்னா அசிடைல்கோலின்ங்கற ரசாயனத்தை விடும். வேலை முடிஞ்சதும் அதை உடைச்சுச் சுத்தம் பண்ண ஒரு நொதி இருக்கு. கார்பமேட், ஆர்கனோபாஸ்பேட்ங்கற ரெண்டு மருந்துக் குடும்பமும் அந்த நொதியைப் பூட்டிடும். காலிங் பெல் சுவிட்ச் உள்ள மாட்டிக்கிட்டா, விரலை எடுத்தப்புறமும் மணி நிக்காம அடிக்குமே, அந்த மாதிரி. எச்சில், கண்ணீர், மூச்சுக்குழாய்ச் சளி, வயிறு, மூத்திரப்பை எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல மணி அடிச்சுட்டே இருக்கும். உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் மூச்சுல வரும். நுரையீரல்ல நீர் கோத்துக்கும், மூச்சு விடற தசை ஓய்ஞ்சு போகும்.

பூட்டறது ரெண்டும் ஒண்ணுதான், திறக்கறதுல வித்தியாசம் இருக்கு. கார்பமேட் கொஞ்ச நேரத்துல தானாவே நொதியை விட்டு விலகிடும். அதுவரைக்கும் அட்ரோபின் கொடுத்துத் தாக்குப் பிடிக்க வைக்கணும். கார்போஃபியூரான் கார்பமேட் குடும்பம். ஆர்கனோபாஸ்பேட் அப்படி இல்லை, நேரம் ஆக ஆகப் பூட்டு இறுகி நிரந்தரமாயிடும். அதுக்கு முன்னாடியே பிராலிடாக்சைம்னு இன்னொரு மருந்து தேவைப்படலாம். பைரத்ராய்டு வகை ஸ்பிரேயா இருந்தா வைத்தியமே வேற, நடுக்கத்தை அடக்கணும், நல்லா குளிப்பாட்டணும். எலி மருந்துல ஒரு வகைக்கு விட்டமின் கே1 வேணும். ஆக, “என்ன மருந்து?”ங்கறதுக்குப் பதில் தெரிஞ்சா டாக்டர் ஊகிக்க வேண்டியதில்லை, அவ்வளவு நேரம் மிச்சம்.

போட்டோவைப் பார்த்ததும் டாக்டர் முகத்துல ஒரு தெளிவு வந்தது. ராத்திரி முழுக்க அட்ரோபின், சலைன். மறுநாள் சாயந்திரம் பொரி தானா எழுந்து நின்னா.

‘காஞ்சதும் விடலாம்’ எப்போ உண்மை?

அந்த மெசேஜ் முழுப் பொய்யும் இல்லை. அது ஒரே ஒரு வகை மருந்துக்கு மட்டும் பொருந்தற விதி. நான் அதை எல்லாத்துக்குமான விதியா எடுத்துக்கிட்டேன். லான்ல போடறது நாலு வடிவத்துல வரும். நாலுக்கும் நாலு கணக்கு.

ஒண்ணு, தண்ணில கலக்கி அடிக்கற ஸ்பிரே. பெரும்பாலும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பைஃபென்த்ரின் மாதிரி பைரத்ராய்டுகள். சரியான அளவுல கலந்து அடிச்சா, முழுசா காஞ்சப்புறம் நாய்க்கு ஆபத்து நிறைய குறையும். ‘காஞ்சதும்’ விதி வந்தது இங்கேருந்துதான். ஆனா குறையும்னுதான் சொன்னேன், போயிடும்னு சொல்லலை. அமெரிக்காவுல பர்டூ பல்கலைக்கழகத்துல, வீட்டு லான்ல களைக்கொல்லி அடிச்சதும் நாய்களோட மூத்திரத்தைப் பரிசோதிச்சு 2013-ல ஒரு ஆய்வு வந்தது. அடிச்சு 48 மணி நேரம் கழிச்சும் புல்லு மேல மருந்து இருந்தது. மருந்தே அடிக்காத வீட்டு நாய்ங்க சிலதோட மூத்திரத்துலயும் இருந்தது. அது களைக்கொல்லி, பூச்சி மருந்து இல்லைங்கறது சரிதான். ஆனா புல்லுலேருந்து நாய்க்குப் போற வழி ரெண்டுக்கும் ஒண்ணுதான். அதனால என் கணக்கு இப்போ காயற நேரம் இல்லை, 2 நாள். நடுவுல மழையோ மார்கழிப் பனியோ வந்து புல்லு ஈரமாச்சுன்னா, மறுபடி நல்லா காயற வரைக்கும்.

ரெண்டு, குருணை. இங்க விதியே தலைகீழ். குருணை காஞ்சு கிடக்கறப்போதான் நாய் வாய்க்கு அப்படியே போகும். லேபிள்ல சொன்னபடி மண்ணுக்குள்ள போகணும், தண்ணி விட்டுக் கரையணும், அதுக்கப்புறம் தரை காயணும். கண்ணுக்கு ஒரு குருணை தெரிஞ்சாலும் அந்த இடம் நாய்க்கு இல்லை. எலும்புத்தூள், வேப்பம் புண்ணாக்கு மாதிரி உரத்தோட கலந்து போட்டா இன்னும் மோசம், அந்த வாசனைக்கே நாய் மண்ணைத் தோண்டும்.

மூணு, சாப்பிட வெச்சுக் கொல்ற மருந்து. எலி கேக், நத்தை மருந்து இந்த வகை. இது காயறதுங்கற பேச்சே கிடையாது, ஒரு உயிர் சாப்பிடணும்னே செஞ்சது. புரோமாடியோலோன் மாதிரி எலி மருந்துல இன்னொரு வில்லங்கம் இருக்கு. சாப்பிட்ட அன்னைக்கு நாய் ஜம்முனு இருக்கும். ரத்தம் உறையற சக்தி மெல்லக் குறைஞ்சு, சில நாள் கழிச்சுத்தான் சோர்வு, ஈறு வெளுப்பு, ரத்தக் கசிவு எல்லாம் தெரியும். அதனால “சாப்பிட்டுச்சு, ஆனா நல்லாத்தான் இருக்கு”ன்னா அது நல்ல செய்தி இல்லை, அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும். நத்தைக்கு வைக்கற மெட்டால்டிஹைடு வில்லைல தவிடு மாதிரி தீனி கலந்திருக்கும். நாய்க்கு அது பிஸ்கட். அது கடும் நடுக்கத்துலயும் காய்ச்சல்லயும் கொண்டு விடும்.

நாலு, கொசுப் புகை. அடிக்கும்போது ஜன்னலைச் சாத்தி நாயை உள்ள வைங்க. புகை முழுக்கக் கலைஞ்சப்புறம் பால்கனில இருக்கற தண்ணிக் கிண்ணத்தைக் கொட்டிக் கழுவுங்க. அந்தக் கிண்ணத்தை நிறைய பேர் மறந்துடறோம்.

நாய்க்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆபத்து?

நாம லான்ல செருப்பு போட்டு நடக்கறோம். நாய் வெறுங்காலோட நடக்கும், மூக்கைத் தரையில தேய்க்கும், புரளும், புல்லு திங்கும். வீட்டுக்கு வந்து அந்தப் பாதத்தை நக்கும். பாதத்துல ஒட்டினது எல்லாம் வயித்துக்குள்ள போயிடும். குட்டி நாயா இருந்தா உடம்பு எடை கம்மி, அதே அளவு மருந்து பல மடங்கு வேலை செய்யும். அதனால ஒவ்வொரு வாக் முடிஞ்சும் நாலு பாதத்தையும் ஈரத் துணியால துடைச்சுட்டு, மருந்து அடிச்ச வாரம் சோப்பு போட்டே கழுவுங்க. உங்க செருப்பும் வாசலுக்கு வெளியவே இருக்கட்டும்.

வீட்டுல பூனையும் இருக்கா? பைரத்ராய்டை உடைச்சு வெளியேத்தற திறமை பூனையோட கல்லீரலுக்கு ரொம்பக் கம்மி. நாய்க்கு ஒண்ணும் பண்ணாத அளவு பூனைக்கு வலிப்பைக் கொண்டு வரலாம். நாயோட முடியிலேருந்து பூனைக்குப் போகும், ரெண்டும் ஒண்ணா படுத்துத் தூங்கறதுதானே வழக்கம்.

மருந்து அடிக்கறதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது

“பெட் சேஃப்பா?”ன்னு கேட்காதீங்க. அதுக்கு எப்பவும் “ஆமா”ன்னுதான் பதில் வரும். நம்ம பாஷைல சொன்னா, அது பூலியன் கேள்வி. நமக்கு வேண்டியது மதிப்பு. இந்த அஞ்சைக் கேளுங்க.

1. மருந்தோட ரசாயனப் பேர் என்ன, எத்தனை சதவீதம்? பிராண்டு பேர் போதாது.
2. எந்த வடிவம்: ஸ்பிரேயா, குருணையா, தின்ன வைக்கற மருந்தா, புகையா?
3. எந்தப் பூச்சிக்கு, எந்த இடத்துல? லேபிள்ல அந்த உபயோகம் போட்டிருக்கா?
4. லேபிள்ல இருக்கற முக்கோணம் என்ன நிறம்?
5. எத்தனை மணி நேரம் மனுஷங்களும் விலங்குகளும் உள்ள வரக்கூடாது?

நாலாவது கேள்விக்கு ஒரு விளக்கம். 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குக் கீழ வர்ற விதிப்படி, இந்தியாவுல விக்கற ஒவ்வொரு பூச்சி மருந்து லேபிள்லயும் ஒரு சின்ன முக்கோணம் இருக்கணும். சிவப்புன்னா மிகக் கடுமையான விஷம், கூடவே மண்டை ஓடு படமும் இருக்கும். அதுக்குக் கீழ மஞ்சள், நீலம், கடைசில பச்சை. சோதனை விலங்குகளுக்கு எவ்வளவு மருந்து உயிரைப் பறிக்குதுங்கற அளவை வெச்சு இந்த நிறத்தைப் பிரிக்கறாங்க. பச்சைன்னா ஆபத்தே இல்லைன்னு அர்த்தம் கிடையாது. ஆனா சிவப்போ மஞ்சளோ இருந்தா, குழந்தைங்களும் நாய்ங்களும் விளையாடற புல்லுல அதைப் போடணுமான்னு அசோசியேஷன்ல தைரியமா கேட்கலாம்.

ஆள் லேபிள் இல்லாத பாட்டில்ல, முன்னாடியே கலக்கிக் கொண்டு வந்தா, அடிக்க விடாதீங்க. “ஹெர்பல்”, “வாசனையே வராது” இதெல்லாம் எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை.

அடிக்கற அன்னைக்கு லேபிளோட எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து போன்ல வைங்க. விஷ முறிவு மருந்து என்னன்னு லேபிள்லயோ உள்ள வைக்கற துண்டுச் சீட்டுலயோ போட்டிருப்பாங்க. எங்களுக்கு அந்த ராத்திரி கைகொடுத்தது அந்த போட்டோதான்.

ஏதாவது ஆயிடுச்சுன்னா

எச்சில் ஒழுகல், வாந்தி, பேதி, தசைத் துடிப்பு, தள்ளாட்டம், கண்ணு பாப்பா ஊசி முனையா சுருங்கறது, மூச்சுத் திணறல். இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் “காலைல பார்த்துக்கலாம்” வேண்டாம்.

கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டருக்கு போன் போடுங்க, அவங்க தயாரா இருப்பாங்க. உடம்புல மருந்து பட்டிருந்து, நாய் நிதானமா நின்னா மட்டும், கையுறை போட்டுக்கிட்டு பாத்திரம் கழுவற லிக்விடால பாதத்தையும் வயித்துப் பக்கத்தையும் கழுவுங்க. நடுக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தா கழுவிட்டு நிக்காதீங்க, நேரா கிளம்புங்க.

உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்பே விஷமாகும், நடுங்கற நாய்க்கு வாந்தி நுரையீரலுக்குள்ள போகும். பால், நெய், எண்ணெய் எதுவும் முறிவு இல்லை. சில மருந்து கொழுப்புல கரையும், அதோட சேர்ந்து இன்னும் வேகமா உள்ள போகும். நம்ம வீட்டு மாத்திரையும் வேண்டாம்.

நாய் துத்தநாக பாஸ்பைடு வகை எலி மருந்தைச் சாப்பிட்டிருந்தா, வண்டில போகும்போது கண்ணாடியை இறக்கி விடுங்க. வயித்து அமிலத்துல அது விஷ வாயுவா மாறும், வாந்தியிலேருந்து வர்ற வாயு உங்களுக்கும் ஆபத்து.

ராத்திரி 11 மணிக்கு எந்தக் கிளினிக் திறந்திருக்கும்னு இன்னைக்கே விசாரிச்சு வைங்க. சென்னைல இருக்கறவங்க வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோட நேரத்தையும் கேட்டு வெச்சுக்கோங்க.

உண்மையிலேயே மருந்து வேணுமா?

இதுவரைக்கும் சொல்லாத ஒண்ணு இருக்கு. லான்ல மருந்து அடிக்கச் சொல்லிக் குரூப்ல முதல்ல கேட்டது நான்தான். பொரி மேல உண்ணி வந்தது. “லான்ல உண்ணி இருக்கு, ஏதாவது பண்ணுங்க”ன்னு மூணு தடவை போட்டேன். கான்ட்ராக்டர் உண்ணி, வேர்ப்புழு எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே மருந்தா தூவிட்டுப் போயிட்டார்.

நம்ம ஊர்ல நாய் மேல சாதாரணமா பார்க்கற பழுப்பு உண்ணி புல்லை விட சுவத்தைத்தான் விரும்பும். ரத்தம் குடிச்சு முடிச்சதும் நாயை விட்டு இறங்கி, நாய் படுக்கற இடத்துக்குப் பக்கத்துல சுவர் வெடிப்பு, கதவு இடுக்கு, மெத்தைத் தையல்ல ஒளிஞ்சு முட்டை போடும். டாக்டர் எழுதிக் கொடுக்கற உண்ணி மாத்திரை அல்லது கழுத்துல விடற சொட்டு மருந்து, படுக்கையை வெந்நீர்ல துவைக்கறது, சுவர் இடுக்கை அடைக்கறது, இதுதான் அதுக்கான வேலை. நான் தப்பான இடத்துல மருந்து போடச் சொல்லியிருக்கேன்.

கொசுவுக்கும் கிட்டத்தட்ட இதே கதை. புகை பறக்கற கொசுவைத்தான் கொல்லும். டெங்கு கொசு பூந்தொட்டித் தட்டு, மூடாத தொட்டின்னு தேங்கின தண்ணில வளருது. அதை வாரத்துக்கு ஒரு தடவை கொட்டினா புகையோட தேவையே பாதி குறையும்.

செக்யூரிட்டி அண்ணன் சொன்னதையும் சொல்லிடறேன். அன்னைக்கு வந்த தோட்டக்கார அண்ணன் கையுறை இல்லாம, பிளாஸ்டிக் மக்குல அள்ளி, வெறுங்கையாலதான் தூவினாராம். நாங்க நாய்க்காகப் பதறினோம். அதே குருணையை மணிக்கணக்கா கையில அள்ளினவர்கிட்ட “உங்களுக்கு எப்படி இருக்கு?”ன்னு கேட்க எனக்கு மூணு நாள் ஆச்சு. நல்லா இருக்கார். இப்போ எங்க அசோசியேஷன் போட்ட விதில முதல் வரி, அடிக்கறவருக்குக் கையுறை, மாஸ்க். ரெண்டாவது வரி, ரசாயனப் பேர் இல்லாம குரூப்ல அறிவிப்பு வரக்கூடாது. மூணாவது, 2 நாளைக்கு லானைச் சுத்திக் கயிறு, அதுல ஒரு பலகை.

கயிறு எதுக்குன்னா, எங்க கேட்ல ஒரு தெருநாய் இருக்கா. பகல் முழுக்க அந்த லான்லதான் தூக்கம். அவ வாட்ஸ்அப் குரூப்ல இல்லை. அன்னைக்கு மருந்து போட்டு முடிச்சதும், செக்யூரிட்டி அண்ணன் தானாவே அவளைத் தன் கேபினுக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போய்த் தண்ணி வெச்சு உட்கார வெச்சிருக்கார். ஏன்னு கேட்டேன். “மருந்து வாடை வந்துச்சு தம்பி, அதான்”னார். பெட் சேஃப்னு குரூப்ல போட்டதை அவரும் படிச்சிருந்தார்.

உங்க அபார்ட்மென்ட் குரூப்ல அடுத்த தடவை அந்த மெசேஜ் வந்தா கட்டைவிரல் போடறதுக்கு முன்னாடி “மருந்தோட பேர் என்ன?”ன்னு ஒரு வரி கேளுங்க. இந்த எபிசோடையும் அங்கேயே பகிருங்க. அடுத்த வாரம் வழக்கம் போல டெக். பொரி குரைச்சா எடிட் பண்ண மாட்டேன்.